விலையேற்றமும் எழுவகை மக்களும்: அல்மக்ரீஸீ காட்டும் கெய்ரோ

விலைவாசி உயர்ந்துவிட்டது என்று நாட்டில் எல்லோரும் ஒரே குரலில் கூறுகின்றனர். ஆயினும் அதைக் கூறும் மொத்த வணிகரும், மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும், உழவரும், அன்றாடங்காய்ச்சியும் ஒரே துன்பத்தைக் கூறுவதில்லை. ஒருவருக்கு அது இலாபக் குறைவு. மற்றொருவருக்கு அது பிள்ளையின் படிப்பு நிற்பது. இன்னொருவருக்கு அது இரவு உணவு இல்லாமற் போவது. அரசு எடுக்கும் ஒரு முடிவு, இரு நாடுகளுக்கிடையே எழும் ஒரு வாணிபப் பிணக்கு, நாணயத்தில் செய்யப்படும் ஒரு மாற்றம் ஆகியவை யார் வீட்டில் எப்படி இறங்குகின்றன என்பதைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அண்மைக் காலப் பொருளாதார அறிஞர்கள் தொடங்கியது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கெய்ரோ நகரில் வாழ்ந்த ஒரு வரலாற்றாசிரியர் இப்பணியைத் துல்லியமாகச் செய்திருக்கிறார். அவர் அல்லாமா தகிய்யுத்தீன் அஹ்மத் அல்மக்ரீஸீ.

இப்னு கல்தூனின் பெயரை அறிந்த அளவுக்கு அவருடைய மாணவரான மக்ரீஸீயின் பெயரை நம் மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. அறிந்தவர்களும் அவருடைய ‘அல்கிதத்’, ‘அஸ்ஸுலூக்’ ஆகிய பெருநூல்களையே அறிவர். ‘இகாஸதுல் உம்மா பிகஷ்ஃபில் கும்மா’ என்னும் சிறுநூல் பலர் பார்வைக்கு வருவதில்லை. சமுதாயத்தின் துயரை விளக்கி அதற்கு உதவுதல் என்பது அப்பெயரின் கருத்து. அந்நூல் கூறும் செய்தியையும், அது இன்றைய மிஸ்ருக்கும் நமக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நூலும் சூழலும்

மக்ரீஸீ ஹிஜ்ரி 766இல் (கி.பி. 1364) கெய்ரோவில் பிறந்தவர். ஹிஜ்ரி 801இல் (1399) சுல்தான் பர்கூக் அவரைக் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமித்தார். எடைகளையும் அளவைகளையும் சோதித்தல், ரொட்டியின் எடையையும் தரத்தையும் பார்த்தல், கலப்படத்தைத் தடுத்தல் ஆகியவை முஹ்தஸிபின் கடமைகள். ஆகவே கடைத்தெருவை அவர் ஏடுகளின் வழியாக மட்டும் அறிந்தவர் அல்லர். அதன் நடுவே நின்று கண்டவர்.

அதே ஆண்டில் பர்கூக் மறைந்தார். சிறுவரான அவருடைய மகன் நாஸிர் ஃபரஜ் அரியணை ஏறினார். அமீர்களின் உட்பூசல் பெருகிற்று. 1400–1401இல் தைமூரின் படை ஷாம் நாட்டைச் சூறையாடியது. ஹிஜ்ரி 806இல் (1403) நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. பஞ்சமும் அதைத் தொடர்ந்து கொள்ளைநோயும் வந்தன. இத்துன்பங்களின் நடுவே, ஹிஜ்ரி 808இல் (1405), மக்ரீஸீ இந்நூலை எழுதி முடித்தார்.

இதற்கு முன்னும் மிஸ்ரில் பஞ்சங்கள் வந்ததுண்டு. அவற்றையெல்லாம் மக்ரீஸீ வரிசைப்படுத்துகிறார். ஃபாத்திமீ கலீஃபா முஸ்தன்ஸிரின் காலத்தில் ஏழாண்டுகள் நீடித்த பெரும் பஞ்சத்தைப் பற்றி அவர் பதிவு செய்யும் நிகழ்ச்சி ஒன்று மறக்கவியலாதது. செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஆயிரம் தீனார் மதிப்புள்ள கழுத்தணியைக் கொடுத்து ஒரு பை மாவு வாங்கினாள். வழியில் பசித்த மக்கள் அதைப் பறித்துக்கொண்டனர். அந்தப் பறிப்பில் தானும் கலந்து ஒரு கைப்பிடி மாவை அவள் மீட்டாள். அதை ரொட்டியாகச் சுட்டு, உயரமான இடத்தில் நின்று உயர்த்திக் காட்டி, இந்த ஒரு ரொட்டி தனக்கு ஆயிரம் தீனாருக்குக் கிடைத்தது, இத்தகைய நல்லாட்சி தந்த கலீஃபாவுக்காக துஆச் செய்யுங்கள் என்று நகரத்தாரை அழைத்தாளாம். செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டியது. நகர ஆளுநர் கண்டிக்கப்பட்டார். தானியத்தைப் பதுக்கி வைத்திருந்த வணிகரை அவர் அச்சுறுத்தியதும் களஞ்சியங்கள் திறந்தன. தானியம் நாட்டில் அறவே இல்லாமற் போய்விடவில்லை என்பதும், அது பூட்டின் பின்னே இருந்தது என்பதும் இதனால் விளங்குகின்றன.

மூன்று காரணங்கள்

நைல் வற்றியது இறைவனின் ஏற்பாடு. அதற்கு மனிதர் என் செய்வர் என்று கூறி அக்காலத்தார் பலர் அமைந்துவிட்டனர். மக்ரீஸீ அவ்வாறு அமையவில்லை. நதி முன்பும் வற்றியிருக்கிறது. நாடு சில காலத்தில் மீண்டும் எழுந்திருக்கிறது. இம்முறை துன்பம் நீள்வதற்கு ஆட்சியாளரின் தவறான நிர்வாகமும், மக்கள் நலனில் அவர்கள் காட்டிய அலட்சியமுமே காரணம் என்று அவர் வாதிடுகிறார். அதனை மூன்றாகப் பகுத்தும் காட்டுகிறார்.

முதலாவது, பதவிகள் விலைக்கு விற்கப்பட்டமை. அமைச்சர், காஜி, முஹ்தஸிப் ஆகிய பதவிகள் அனைத்தும் கையூட்டுக்குக் கிடைத்தன. கையில் பணமில்லாதவர் கடன் வாங்கிப் பதவி பெற்றார். அக்கடனை அடைக்க அவர் தமக்குக் கீழுள்ளவர்களிடம் பறித்தார். அவர்கள் கிராமத்தாரிடம் பறித்தனர். தாங்காத உழவர் ஊரைவிட்டு ஓடினர். நிலம் தரிசானது, அரசின் வருவாய் குறைந்தது, வருவாய் குறைந்ததால் பதவிகளின் விலை இன்னும் ஏற்றப்பட்டது. சங்கிலித் தொடரான இந்த விளைவை அவர் கண்ணிக்குக் கண்ணி காட்டியிருப்பது போற்றத்தக்கது.

இரண்டாவது, நிலக் குத்தகையின் உயர்வு. அமீர்களின் ஊழியர் தம் எசமானரின் மகிழ்ச்சியை நாடி, குத்தகையை ஆண்டுதோறும் ஏற்றினர். விதையின் விலையும் கூலியும் ஏறின. கால்வாய்களையும் கரைகளையும் பேணும் வேலை கைவிடப்பட்டது. விளைந்த தானியமோ அதிகாரம் உடையவர்களின் களஞ்சியத்தில் சேர்ந்தது.

மூன்றாவது, செப்புக் காசின் பெருக்கம். பொன் தீனாரும் வெள்ளித் திர்ஹமுமே விலைகளுக்கு அளவையாக இருந்து வந்தன. ‘ஃபுலூஸ்’ எனப்படும் செப்புக் காசு, கீரை போன்ற சில்லறைப் பொருள்களை வாங்குவதற்கு மட்டுமே பயன்பட்டது. பர்கூக்கின் காலத்தில், அரண்மனைக் கருவூல அதிகாரியாக இருந்த மஹ்மூத் இப்னு அலீ, பரங்கியர் நாடுகளிலிருந்து செம்பை வரவழைத்து ஃபுலூஸை மிகுதியாக அச்சிட்டார். செம்பின் விலைக்கும் காசின் மதிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு இலாபமாயிற்று. வெள்ளித் திர்ஹம் அச்சிடுவது நின்றது. இருந்த வெள்ளி நகையாக உருக்கப்பட்டது. ஒரு பகுதி வெளிநாடு சென்றது. இறுதியில் செப்புக் காசை எண்ணி வாங்கும் வழக்கம் போய், நிறுத்து வாங்கும் நிலை வந்தது.

இங்கே மக்ரீஸீ ஒரு நுண்ணிய உண்மையைச் சுட்டுகிறார். பொருள்களின் விலையைப் பொன்னிலும் வெள்ளியிலும் கணக்கிட்டால் உயர்வு பெரிதன்று; ஃபுலூஸில் கணக்கிட்டால்தான் அது மலைபோல் தோன்றுகிறது. அதாவது பல பொருள்களைப் பொறுத்தவரை ஏறியது பொருளின் அருமை அன்று. இறங்கியது காசின் மதிப்பு.

அவர் கூறியவை அனைத்தும் முழுமையானவை என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் வெள்ளி அரிதாகியிருந்தது என்பதையும், 1348 முதல் மீண்டும் மீண்டும் வந்த கொள்ளைநோயால் உழைக்கும் கைகளே குறைந்திருந்தன என்பதையும் இன்றைய ஆய்வாளர் எடுத்துக்காட்டுகின்றனர். இவற்றுக்கு மக்ரீஸீ உரிய இடம் தரவில்லை. பதவியிலிருந்தவர்கள் மீது அவருக்கிருந்த கசப்பும் அவருடைய எழுத்தில் தெரிகிறது. எனினும், அடுத்து நாம் காணவிருக்கும் பகுதியின் மதிப்பை இவை குறைத்துவிடவில்லை.

எழுவகை மக்கள்

மிஸ்ரின் மக்களை ஏழு வகுப்பாராகப் பிரித்து, விலையேற்றம் ஒவ்வொரு வகுப்பையும் என்ன செய்தது என்று மக்ரீஸீ தனித்தனியே ஆராய்கிறார்.

முதல் வகுப்பார் ஆட்சியாளர். அவர்களுடைய வருவாய் எண்ணிக்கையில் பெருகியது. அதனால் தாம் செல்வரானதாக எண்ணினர். ஆனால் முன்பு குறைந்த தொகைக்கு வாங்கியதை இப்போது பெருந்தொகை கொடுத்தும் வாங்க முடியவில்லை. தம் கொள்கையால் தாமே இழந்ததையும் அவர்கள் உணரவில்லை.

இரண்டாம் வகுப்பார் பெருவணிகர். இவர்களும் அவ்வாறே மயங்கினர். கணக்கேட்டில் இலாபம் வளர்ந்தது. அந்த இலாபத்தால் வாங்கக்கூடிய உணவும் உடையும் சுருங்கின.

மூன்றாம் வகுப்பார் நடுத்தர வணிகரும் கடைக்காரரும். அன்றைய விற்பனையில் கிடைத்ததைக் கொண்டு அன்றைய செலவைச் சமாளித்தனர். சரக்கின் விலையை ஏற்றிச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததால் மூழ்காமல் மிதந்தனர்.

நான்காம் வகுப்பார் உழவர். இவர்களுள் பெரும்பாலோர் அழிந்தனர். ஆயினும் நீர் பாய்ந்த நிலத்தை உடைய சிலர், தானிய விலை ஏறியதால் செல்வரும் ஆயினர். ஒரே தொழிலைச் செய்தோருக்குள்ளும் நீர் எட்டிய வயலுக்கும் எட்டாத வயலுக்கும் இடையே விதி இவ்வாறு பிரிந்தது.

ஐந்தாம் வகுப்பார் யார்? ஃபுகஹாக்கள், கல்வி கற்கும் மாணவர்கள், சாதாரணப் படைவீரர்கள், மற்றும் நிலையான உதவித்தொகையையோ சிறு வாடகையையோ நம்பியிருந்தோர். இவர்களின் நிலையே பரிதாபமானது என்கிறார் மக்ரீஸீ. மாண்டவர் போக எஞ்சியோர் மரணத்தை விரும்பும் நிலையில் இருந்தனர். காரணம் எளியது. இவர்களுக்கு வரும் தொகை பழைய எண்ணிக்கையிலேயே நின்றது. அத்தொகை கொடுக்கப்பட்ட காசோ மதிப்பிழந்துவிட்டது. விற்பதற்குச் சரக்கில்லை, கூட்டிக் கேட்பதற்குக் கூலியும் இல்லை.

ஆறாம் வகுப்பார் கைவினைஞரும் சுமைதூக்குவோரும் கூலியாட்களும். இவர்களின் கூலி பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் உயர்ந்த கூலியைப் பெற எஞ்சியிருந்தோர் சிலரே. பெரும்பாலோர் இறந்துவிட்டதனால்தான் கூலி உயர்ந்தது. தேடி அலைந்தாலும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று.

ஏழாம் வகுப்பார் இரந்துண்போர். பசியும் குளிரும் அவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. அவர்களைப் பற்றி மக்ரீஸீ எழுதுவது மிகச் சுருக்கமானது.

விலை உயர்ந்தது என்னும் ஒரு செய்தி எழுவகையாகப் பிரியும்போது, சுமை எந்த விதியின்படி இறங்குகிறது என்பது புலனாகிறது. தன் பொருளின் விலையையோ உழைப்பின் கூலியையோ மாற்றிச் சொல்ல முடிந்தவன் அடியை ஓரளவு பிறர்மீது தள்ளிவிடுகிறான். வருமானத்தின் எண்ணிக்கை பிறரால் முடிவு செய்யப்பட்டு, அது மாறாமல் நிற்குமாயின், அவனே முழு அடியையும் தாங்குகிறான். இவ்விதி அரசின் ஆணை எதுவும் எழுதாத ஒரு வரியாகும்.

சுல்தான் வணிகரானபோது

ஆட்சியாளர் வாணிபத்தில் இறங்குவது குடிமக்களுக்குக் கேடு. அது இறுதியில் அரசின் வரி வருவாயையும் கெடுக்கும் என்று இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் ஒரு தனிப் பிரிவே எழுதியிருக்கிறார். அவர் கெய்ரோவில் 1406இல் மறைந்தார். கால் நூற்றாண்டு கழிவதற்குள் அக்கூற்றைச் சோதிப்பதுபோல் சுல்தான் பர்ஸ்பாய் (1422–1438) நடந்துகொண்டார்.

மலபாரிலிருந்து ஏடன் வழியாகச் செங்கடலுக்கு வந்த மிளகு, கெய்ரோவையும் அலெக்ஸாந்திரியாவையும் கடந்து வெனிஸ் வணிகரின் கைக்குச் சென்றது. இவ்வாணிபத்தைத் தலைமுறைகளாக நடத்தியவர் ‘காரிமீ’ எனப்பட்ட முஸ்லிம் வணிகக் குழுவினர். பர்ஸ்பாய் கப்பல்களை ஏடனிலிருந்து ஜித்தாவுக்குத் திருப்பி அங்கே சுங்கம் பெற்றார். 1428இல் மிளகைத் தம் ஏகபோகமாக்கினார். தம் சரக்கு விற்றுத் தீரும்வரை பிறர் பரங்கியருக்கு விற்கலாகாது என்று தடுத்தார். சர்க்கரையிலும் இவ்வாறே செய்தார். தேங்கிய சரக்கைக் கடைக்காரர் தலையில் கட்டாயமாகச் சுமத்தும் பழக்கமும் இருந்தது. வெனிஸ் எதிர்த்தது, தூதர் வந்தனர், வாணிபம் இடையிடையே முடங்கியது. பிணக்கு சுல்தானுக்கும் வெனிஸுக்கும் இடையே நடந்தது. பிழைப்பை இழந்தோர் அவ்விருவரும் அல்லர். காரிமீ வணிகர் அந்நூற்றாண்டிலேயே வரலாற்றிலிருந்து மறைந்தனர்.

நெசவாளர் நிலை இன்னும் துயரமானது. அலெக்ஸாந்திரியாவில் ஒரு காலத்தில் 14,000 தறிகள் இருந்தன என்றும், 1434இல் எண்ணியபோது 800 மட்டுமே எஞ்சியிருந்தன என்றும் வரலாற்றாசிரியர் இப்னு தக்ரீபிர்தீ குறிக்கிறார். இவ்விரு கணக்குகளுக்கும் இடையே சுமார் நாற்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. கொள்ளைநோய், வரிச்சுமை, ஐரோப்பியத் துணியின் வரவு ஆகிய அனைத்துக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு தறிக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருந்தது என்பதை நினைத்தால் அந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும்.

இன்றைய மிஸ்ர்

ஆறு நூற்றாண்டுகள் கடந்து அதே கெய்ரோவை நோக்குவோம். பிற அரபு நாடுகளில் ரொட்டியை ‘குப்ஸ்’ என்பர். மிஸ்ர் மக்கள் அதனை ‘அய்ஷ்’ என்பர். வாழ்வு என்பது அச்சொல்லின் பொருள். இச்சொல்லின் கனத்தை 1977 ஜனவரியில் அந்நாட்டு அரசு அறிந்துகொண்டது. பன்னாட்டு நாணய நிதியத்தின் அறிவுரையை ஒட்டி, இன்றியமையாப் பொருள்களுக்கான மானியத்தை அதிபர் அன்வர் ஸாதாத்தின் அரசு குறைத்தது. 18, 19ஆம் நாள்களில் அலெக்ஸாந்திரியா முதல் அஸ்வான் வரை மக்கள் தெருவில் இறங்கினர். பலர் உயிரிழந்தனர். அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

அதன்பின் ரொட்டி மானியத்தில் கைவைக்க அரசுகள் நீண்ட காலம் அஞ்சின. மானிய ரொட்டி ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 5 பியாஸ்தராகவே இருந்தது. 2024 ஜூன் 1 முதல் அது 20 பியாஸ்தர் ஆனது. இந்த மாற்றத்தின் பின்னே தொலைவில் நடந்த பல நிகழ்ச்சிகள் உள்ளன. மிஸ்ர் உலகில் மிகுதியாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளுள் ஒன்று. அதன் இறக்குமதியில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அவ்விரு நாடுகளுக்கிடையே போர் மூண்டதும் கோதுமை விலை ஏறியது; அன்னிய முதலீடு நாட்டைவிட்டு வெளியேறியது. 2023 இறுதியில் காஸாப் போரையொட்டிச் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. 2023இல் ஏறத்தாழ 1,025 கோடி டாலராக இருந்த சூயஸ் கால்வாயின் வருவாய் 2024இல் சுமார் 400 கோடியாக வீழ்ந்தது.

நாணயத்தின் கதையும் இதனுடன் பிணைந்தது. 2016 நவம்பரில் மிஸ்ர் பவுண்டின் மதிப்பு சந்தையிடம் விடப்பட்டபோது, ஒரு டாலருக்கு 9 பவுண்டுக்குக் குறைவாக இருந்த விகிதம் சில வாரங்களில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 2024 மார்ச் 6ஆம் நாள் ஏறத்தாழ 31 பவுண்டிலிருந்து 50 பவுண்டுக்குத் தாவியது. 2023 செப்டம்பரில் நகர்ப்புறப் பணவீக்கம் 38 விழுக்காட்டைத் தொட்டிருந்தது.

இம்முடிவுகளுக்கு அரசுத் தரப்பில் காரணங்கள் கூறப்பட்டன. செயற்கையாக உயர்த்திப் பிடித்த நாணயமதிப்பு நீடிக்காது என்பதும், மானியச் சுமை கருவூலத்தை அரிக்கிறது என்பதும் பொய்யல்ல. நாம் இங்கு எழுப்புவது மக்ரீஸீயின் வினாவே: எழுவகை மக்களில் இது யாரை என்ன செய்தது? டாலரில் வருவாய் உடையவருக்கும், வீடும் பொன்னும் வைத்திருந்தவருக்கும் பவுண்டின் வீழ்ச்சி பெரும் இழப்பாகவில்லை. பவுண்டில் ஓய்வூதியம் பெறும் முதியவர், அரசுப் பள்ளி ஆசிரியர், சிறு சேமிப்பை வங்கியில் வைத்திருந்த விதவை ஆகியோர் ஐந்தாம் வகுப்பாரின் இடத்தில் நின்றனர்.

ஃபிக்ஹின் பார்வையில்

நாணயத்தின் மதிப்பு மாறும்போது கொடுக்கல் வாங்கலில் நீதி எது என்பதை நம் இமாம்கள் ஆராயாமல் விடவில்லை. ஃபுலூஸில் கடன் கொடுக்கப்பட்டு, பின்னர் அதன் மதிப்பு வீழ்ந்தால் எதைத் திருப்பித் தர வேண்டும்? அதே எண்ணிக்கையைத் தந்தால் போதும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. கடன் ஏற்பட்ட நாளின் மதிப்பைத் தர வேண்டும் என்பது இமாம் அபூயூஸுஃப் இறுதியாக மேற்கொண்ட கருத்து. இமாம் ஸுயூத்தி ஷாஃபிஈ மத்ஹபின்படி இதனை ஆராய்ந்து தனிச் சிறுநூலே எழுதியுள்ளார். ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீனும் இப்பொருளில் ஒரு நூல் இயற்றினார்.

தாள் நாணயத்தைப் பொறுத்தவரை, ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1988இல் குவைத்தில் கூடியபோது, கடன்கள் அதே எண்ணிக்கையில் திருப்பித் தரப்பட வேண்டும். விலைவாசியுடன் அவற்றைப் பிணைக்கலாகாது என்று முடிவு செய்தது. வட்டியின் வாசல் திறந்துவிடக்கூடாது என்னும் அச்சமே இதன் அடிப்படை. ஆனால் அதே பேரவை 1993இல் ப்ரூனையில் கூடியபோது, ஊழியரின் ஊதியத்தை விலைவாசியின் மாற்றத்துக்கேற்ப உயர்த்தும் ஏற்பாடு, பொதுப் பொருளாதாரத்துக்குத் தீங்கு நேராதவரை, கூடும் என்று அறிவித்தது. கடன் என்பது முடிந்துபோன ஒப்பந்தம். ஊதியம் என்பது காலந்தோறும் புதிதாக நிர்ணயிக்கத்தக்கது. இவ்வேறுபாடு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

நம் ஊர்களின் நிலையை இவ்வெளிச்சத்தில் பார்க்க வேண்டியது நம் கடமை. உலகச் சந்தையையும் அரசுகளின் நாணயக் கொள்கையையும் மாற்றும் ஆற்றல் ஒரு ஜமாஅத்துக்கு இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பாரைத் தன் எல்லைக்குள் தானே உருவாக்காதிருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பள்ளிவாசல் இமாமுக்கும் முஅத்தினுக்கும் மத்ரஸா உஸ்தாதுக்கும் பல ஆண்டுகளுக்கு முன் பேசிய சம்பளமே தொடர்கின்ற ஊர்கள் உள்ளன. நிர்வாகம் எதையும் குறைக்கவில்லை என்று எண்ணுகிறது. எண்ணிக்கை குறையாததால் அவ்வாறு தோன்றுகிறது. விலை ஏறிய ஒவ்வோர் ஆண்டும் அச்சம்பளம் குறைக்கப்பட்டே வந்திருக்கிறது. மறுபுறம், வக்ஃபுக் கடைகளின் வாடகை தலைமுறைக்கு முன் எழுதிய தொகையிலேயே நிற்பதும் உண்டு. அங்கே இழப்பவர் அவ்வக்ஃபின் பயனை நம்பியிருக்கும் ஏழை மாணவர். பயன்பெறுபவர் வசதியுள்ள வாடகைதாரர். பிற்படுத்தப்பட்ட மஹ்ரைப் பழைய ரூபாய்க் கணக்கில் எழுதி, பல ஆண்டுகளுக்குப் பின் அதே எண்ணிக்கையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். மஹ்ரைப் பொன்னின் எடையில் எழுதுவதற்கு மார்க்கத்தில் தடையேதும் இல்லை.

இமாமின் சம்பளத்தையும் வக்ஃபு வாடகையையும் ஆண்டுக்கொருமுறை விலைவாசியோடு ஒப்பிட்டுத் திருத்துவது என்று ஒரு மஹல்லா தன் நிர்வாக விதியில் ஒரு வரி எழுதிக்கொண்டால், அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. கூட்டிக் கேட்க நாணி வாய் திறவாதிருக்கும் ஆலிம்களின் சார்பில் அவ்வரியே பேசும். மக்ரீஸீயின் நூலைக் கற்றதன் பயன் நம்மிடையே வெளிப்படத்தக்க இடம் இதுவே.